தென்னோலை கட்டிய படகு

முப்பது வருடம் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவன் நான். கனடாவின் மிசிசாகாவில், தலைக்கு மேல் விமானங்கள் இரையும் இடத்தில், யன்னல் இல்லாத குளிர் மண்டபமொன்றில் நின்று தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கிறேன். என் கைபட்ட கோழிக்கறி போகாத நாடு இல்லை. நான் போன நாடுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆகவே வியட்நாமுக்குப் போகும் வழியில் என் முன்னால் தட்டு வந்ததும் முதலில் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பாண் இருக்க வேண்டிய இடத்தில் வெண்ணெய், வெண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் கேக். யாரோ புது ஆள் அடுக்கியிருக்கிறது. "இதைப் பாரும்" என்று சொல்லப் பக்கத்தில் திரும்பினேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டி நித்திரை கொண்டார். என் மனைவி மனோ போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. இந்தத் திரும்புகிற பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

ஊர் பார்க்கும் ஆசையில் புறப்பட்டேன் என்று சொன்னால் அது பொய். என்னை என் வீட்டிலிருந்து கிளப்பிவிட்டார்கள்.

வோபர்னில் நாங்கள் இருபத்தாறு வருடம் இருந்த வீடு விற்பனைக்கு வந்திருந்தது. ரொறன்ரோவில் ஓர் எழுதாத சட்டம் உண்டு: வீடு விற்கும்போது வீட்டுக்காரன் வீட்டில் இருக்கக் கூடாது. விற்றுத் தர வந்த முகவர் தம்பி அதை எனக்கு விளக்கினார். "அங்கிள், வாங்க வாற சனம் இந்த வீட்டில தங்களைக் கற்பனை பண்ணிப் பாக்க வேணும். நீங்கள் சாரத்தோட சோபாவில இருந்தா எப்பிடிக் கற்பனை பண்ணுறது?" என் சோபாவையும் எடுத்து ஓர் இடத்தில் அடைத்துவிட்டு, வாடகைக்கு வேறு சோபா கொண்டுவந்து போடுவார்களாம். மேசையில் எலுமிச்சம்பழம் வைப்பார்களாம்.

இதற்கெல்லாம் நான் சம்மதித்தேனா என்று கேட்டால், சம்மதித்ததாக என் மகன் சுதன் சொல்வான். ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கியிருக்கிறான். அதன் பேஸ்மென்ற்றில் எனக்கு ஓர் அறை, தனி வாசல். இதை அவன் ஃபோனில் சொன்னபோது நான் "ஓம்... ஓம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தது உண்மை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்குச் சொன்ன ஓம் அது. நாங்கள் அப்படித்தான் ஃபோன் கதைப்பது. அவன் எட்டு வயதில் கனடா வந்த பிள்ளை. அதைச் சம்மதம் என்று எடுத்துவிட்டான். எனக்குத் திருத்திச் சொல்ல வெட்கமாக இருந்தது. அடுத்த கிழமையே முற்றத்துப் பனிக்குள் 'வீடு விற்பனைக்கு' என்ற பலகை நட்டாகிவிட்டது.

"சீனியேர்ஸோட குறூஸ் ஒண்டு போகுது, போறீங்களா அப்பா?" என்று கேட்டான். கப்பல் முழுக்க எங்கள் ஆட்கள். நூறு பேராவது "தனியவோ வந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பார்கள். அந்தச் சாய்ப்புக்குப் பயந்து, தமிழர் ஒருவரும் இல்லாத ஊராகத் தேடச் சொன்னேன். அப்படிக் கிடைத்ததுதான் இது: சைகோனில் சில நாள், நடுவே மீகோங் நதி கடலோடு கலக்கும் கழிமுகத்தில் மிதக்கும் சந்தை பார்க்க வழிகாட்டியோடு இரண்டு நாள்.

முதல் நாள் காலை சிறிய பஸ் ஒன்று வந்து ஏற்றியது. வழிகாட்டியின் பெயர் லான். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்பு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவளாம். எங்களைச் சோடி சோடியாக எண்ணினாள். "இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு..." என்னிடம் வந்ததும் ஒரு விரலைத் தூக்கி, "ஒன்று." அந்த இரண்டு நாளில் பஸ்ஸிலும் படகிலும் எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை தடவையும் அதே எண்ணிக்கை. அவள் குற்றமில்லை, கணக்குச் சரியாகத்தானே வரவேண்டும். ஆனால் நாலாவது தடவைக்குப் பிறகு அந்த ஒரு விரல் எழும்ப முதலே நான் வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

என்னை அவள் "பாக்" என்று கூப்பிட்டாள். அப்பாவின் தமையனுக்கு அவர்கள் சொல்லும் முறை அது, வயதானவர்களை அப்படித்தான் மரியாதையாக அழைப்பது என்றாள். எங்களைப் போலவே முன்பின் தெரியாதவனையும் சொந்தக்காரனாக்கிக் கதைக்கிற சனம். கொஞ்சம் சந்தோசமாக இருந்தது. அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றை ஒன்று தாங்கிப் பிடித்து நடந்தன. இங்கே எல்லாவற்றையும் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

வழியெல்லாம் வயல். வயல்களுக்கு நடுவே கல்லறைகள். சிலதுக்கு நீல வர்ணம், சிலதுக்கு மாபிள். நெல்லுக்கு மருந்தடிக்கிற மனுசன் அப்படியே கல்லறையையும் சுற்றி அடித்துக்கொண்டு போனான். செத்தவர்களை இவர்கள் தூரத்துக்கு அனுப்புவதில்லை. மனோவின் சாம்பலை நாங்கள் ஏரியில் கரைத்தோம். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. போய் நிற்க எனக்கு ஒரு கல்லுக்கூட இல்லை என்று அந்தப் பஸ்ஸில் இருந்தபோதுதான் முதன்முதலாகக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

மத்தியானம் ஒரு தோட்டத்தில் சாப்பாடு. யானைக்காது மீன் என்று ஒன்று. முழுசாகப் பொரித்து, செதிலோடு, மரச்சட்டத்தில் செங்குத்தாக நிறுத்திக் கொண்டுவருகிறார்கள். இரண்டு பேருக்கு ஒரு மீன். எனக்கும் முழு மீன் ஒன்று வந்து, எதிர்க் கதிரை வெறுமையாக இருக்க, நானும் மீனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். லான் வந்து அந்தக் கதிரையில் இருந்தாள். மீனைப் பிய்த்து, புதினாவும் அன்னாசித் துண்டும் வைத்து, பப்படம்போல் மெல்லிய அரிசித்தாளில் சுற்றி, மீன்சாறில் தோய்த்துத் தந்தாள். முதல் கடியில் கருவாட்டு மணம், இரண்டாவதில் புளிப்பு, பிறகு நல்ல உறைப்பு. மனோ இதைச் சாப்பிட்டிருந்தால் உப்புக் காணாது என்றிருப்பாள்.

பின்னேரம் பஸ்ஸில் லான் ஒலிவாங்கியைப் பிடித்து அடுத்த நாள் சந்தையைப் பற்றி விளக்கினாள். ஆற்றில் சத்தம் போட்டுக் கூவி விற்க முடியாது. எஞ்சின் இரைச்சலில் ஒருவருக்கும் கேட்காது. ஆகவே ஒவ்வொரு படகிலும் நீளமான மூங்கில் கம்பு நட்டிருக்கும். அன்னாசி விற்பவர் அன்னாசியைக் கட்டித் தொங்கவிடுவார், கோவா, அதாவது முட்டைக்கோஸ், விற்பவர் கோவாவை. "தொங்கினா விக்கிறது எண்டு அர்த்தம். ஆனா மூண்டு விசயம் நீங்கள் கவனிக்க வேணும். உடுப்புத் தொங்கும், அது விக்கிறதுக்கில்லை. தேத்தண்ணியும் நூடில்ஸும் விப்பினம், அது தொங்காது. மூண்டாவது..."

அந்த இடத்தில் என் ஃபோன் அடித்தது. சுதன்.

"அப்பா, ஒஃபர் ஒண்டு வந்திட்டுது. நல்ல ஒஃபர். உங்கட ஃபோனுக்கு ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறன், விரலால ஒரு சைன் வைச்சாச் சரி. நாளைக்கு உங்கட நேரம் காலமை ஒன்பது மணிதான் கடைசி."

"ஓம்," என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

இரண்டாம் நாள் காலை ஐந்தரைக்கே கான் தோ நகரத்துப் படித்துறையில் நின்றோம். எல்லோருக்கும் செம்மஞ்சள் மிதவைச் சட்டை. எண்ணிக்கை: இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று. ஆறு பால்தேத்தண்ணி நிறம். மனோ நோயும் வருத்தமுமாய்ப் படுத்திருந்த நாட்களில் இந்தச் சந்தைகளின் வீடியோக்களைத்தான் சத்தம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வீடியோக்களில் படகுக்கு மேல் படகு. நேரில் அத்தனை இல்லை. எங்களைப் போல வேடிக்கை பார்க்க வந்த படகுகளும், இடையிடையே உண்மையான வியாபாரிகளும். தரையால் பாதைகளும் பாலங்களும் வந்த பிறகு ஆட்கள் ஒவ்வொருவராகக் கரையேறிவிட்டார்கள் என்று லான் சொன்னாள். கோப்பிப் படகு ஒன்று வந்து எங்கள் படகின் விளிம்பைக் கொழுவிப் பிடித்தது. ஓடிக்கொண்டே ஊற்றித் தந்தார்கள். சீனிப்பாலும் ஐசுமாக நாக்கில் ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் எஞ்சின் விக்கி நின்றது. ஆகாயத்தாமரைக் கொடியும் ஒரு பொலித்தீன் பையும் விசிறியில் சுற்றிவிட்டன. எங்கள் படகோட்டி பக்கத்தில் நின்ற பெரிய படகோடு எங்களைக் கயிற்றால் கட்டிவிட்டு, கத்தியை வாயில் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். லான் பின்பக்கம் ஓடினாள். மற்றவர்கள் படம் எடுத்தார்கள்.

நான் அந்தப் பெரிய படகை நிமிர்ந்து பார்த்தேன். அதன் கம்பில் அன்னாசி இல்லை, கோவா இல்லை. காய்ந்த தென்னோலை ஒன்று, நுனி தண்ணீரைப் பார்க்கத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே படகின் தட்டில் வெள்ளை பெனியனோடு ஒரு வயதானவர். முகத்தில் நாலைந்து நாள் தாடி. ஒரு பொருளும் இல்லாத படகில் ஒன்றும் செய்யாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. தலைகீழ் ஓலை, சவரம் செய்யாத முகம், வெறுமையான படகு. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. செத்தவீடு. அந்தப் படகை எங்கள் படகோடு கட்டியும் விட்டார்கள். துக்கவீட்டு வாசலில் நின்றுகொண்டு உள்ளே போகாமல் இருக்க எனக்குத் தெரியாது. தொப்பியைக் கழற்றினேன், சப்பாத்தைக் கழற்றினேன், விளிம்பைப் பிடித்து அந்தப் பக்கம் ஏறினேன்.

பெரியவர் எழுந்து நின்றார். நான் இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒன்றும் சொல்வதில்லை. அவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, பாயை விரித்து இருக்கச் சொன்னார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். செத்தவீட்டில் தேத்தண்ணி தருவது அங்கேயும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

குடித்து முடிந்ததும் என் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அடுப்பைக் காட்டினார். பலகையைத் தூக்கி அடியைக் காட்டினார். ஏணை கட்டிய இடத்தைக் காட்டி, தலையைச் சாய்த்து நித்திரை கொள்வதுபோல் கையால் செய்து காட்டினார். நான் தலையாட்டினேன். மனோ போன கிழமை நானும் வந்தவர்களையெல்லாம் இப்படித்தான் இழுத்துக்கொண்டு திரிந்தேன். இதுதான் கட்டில், இந்தப் பக்கம்தான் தலைவைத்தவ, இந்த யன்னலாலதான் பாத்துக்கொண்டு இருந்தவ. வந்தவர்கள் தலையாட்டிவிட்டு, துக்கவீட்டு முறைப்படி "போட்டு வாறன்" என்று சொல்லாமல் எழும்பிப் போனார்கள். அந்த இடத்தில் மறுபடி வருவதாகச் சொல்லக் கூடாது. பிறகு சுதன் மட்டும் வந்தான். அவன் சொல்வது "பாய் அப்பா". எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் "போட்டு வாறன்" என்று சொல்லிப் போய் இரண்டு வருடம்.

கயிற்றுக் கொடியில் ஒரு பெண்ணுடைய பூப்போட்ட சட்டை காய்ந்துகொண்டிருந்தது. மனோவின் ஹவுஸ்கோட்டையும் நான் இன்னும் கழற்றவில்லை, குளியலறைக் கதவின் பின்னால் அப்படியே தொங்குகிறது. அல்லது தொங்கியது. எலுமிச்சம்பழம் வைக்கிறவர்கள் அதை எடுத்து எந்தப் பெட்டிக்குள் அடைத்தார்களோ. அந்த நினைப்போடு எனக்கு அழுகை வந்தது. மனோவின் செத்தவீட்டில்கூட அப்படி அழவில்லை. முன்பின் தெரியாத ஒரு மனுசனின் படகில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, சின்னப்பிள்ளைபோல் வாய்விட்டு அழுதேன்.

பெரியவர் பதறிப்போனார். எஞ்சினை இரண்டு தரம் தட்டிக் காட்டி ஏதோ சத்தமாகச் சொன்னார். சத்தம் கேட்டு லான் ஏறி ஓடிவந்தாள். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"பாக், ஏன் அழுறீங்கள் எண்டு கேக்கிறார். எஞ்சின் பழசுதானாம், ஆனா நல்லா ஓடுமாம். அடியில ஓட்டை ஒண்டும் இல்லையாம்."

"எஞ்சினோ? செத்தது ஆர் எண்டு கேளுங்கோ."

"ஆர் செத்தது?"

நான் மேலே ஓலையைக் காட்டினேன். லான் வாயைப் பொத்தினாள்.

"நேற்றுச் சொன்னனான் பாக். நீங்கள் ஃபோனில நிண்டனீங்கள். அதுதான் மூண்டாவது. ஓலை தொங்கினா, படகையே விக்கிறதுக்கு."

நான் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தேன். அவர் படகு காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் சிறிய தோணி ஒன்று வந்து மோதியது. பூப்போட்ட சட்டையும் அதே துணியில் காற்சட்டையுமாக ஒரு அம்மா, ஒரு கட்டுக் கீரையோடு ஏறினா. செத்துப்போனவ என்று நான் யாருக்காக அழுதேனோ அவ. கணவர் நடந்ததைச் சொல்ல, படகு ஆடும்படி சிரித்தா. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்ததும் கேட்டா.

"இவற்ற பெண்சாதி எங்க?"

லான் என்னைப் பார்த்தாள். நான் பதில் சொன்னேன். அதை அவள் மொழிபெயர்க்க முதலே அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டு, சிரிப்பை நிறுத்தினா. தோணியில் கிடந்த ஓர் அன்னாசியை எடுத்துக் காம்போடு பிடித்துச் சுழற்றிச் சீவி, என் கையில் தந்தா. தலையை ஒரு பக்கமும் சாய்க்கவில்லை.

நான் என் கதையைச் சொன்னேன். என் வீட்டு முற்றத்திலும் இப்படி ஓர் ஓலை, பலகையில் செய்த ஓலை.

"ஆர் கட்டினது?" என்று கேட்டா.

"மகன்."

"அப்ப நீங்கள் எங்க?"

"இஞ்ச."

அவ கணவரைப் பார்த்துக் கையைக் காட்டினா. "இந்த மனுசன் மூண்டு தரம் கட்டிப்போட்டு மூண்டு தரமும் தானே அவிட்டவர். நாலாம் தரம் கட்டி இப்ப ஒரு மாசம். மகள் கரையில வீடு கட்டி வைச்சுக்கொண்டு கோவத்தில நிக்கிறாள்."

பெரியவர் வெட்கத்தோடு சிரித்தார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. பக்கத்தில் அவ இருக்கிறாவே என்ற பொறாமை முதலாவது. மூன்று தரம் அவிழ்த்தாரே என்ற பொறாமை இரண்டாவது. எனக்கு அவிழ்க்க ஒரு தரமும் கிடைக்கவில்லை.

எங்கள் படகு இருமி உயிர் பெற்றது. நான் இறங்கும்போது கை கூப்பி, தமிழிலேயே சொன்னேன்: "அப்ப நான் போட்டு வாறன்."

அந்த அம்மா அர்த்தம் கேட்டா. போய்த் திரும்பி வருவேன் என்று அர்த்தம் என்றேன். அவ ஏதோ சொல்ல, லான் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். "நீங்கள் வரேக்க நாங்கள் இஞ்ச இருக்க மாட்டமாம்."

"பரவாயில்லை. எண்டாலும் அப்பிடித்தான் சொல்லுறது."

ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஆற்றின் நடுவில் வைத்துச் சுதனுக்கு ஃபோன் எடுத்தேன்.

"தம்பி, நான் சைன் வைக்கேல்லை."

"வாட்? அப்பா, நீங்கள் ஓம் எண்டனீங்களே!"

"அது கேட்டுக்கொண்டு இருக்கிற ஓமடா. உனக்கு அது தெரியாது, நானும் சொல்லேல்லை. என்ர பிழை. விக்கிறதெண்டா நான் வந்து, நான் காட்டி, நான் விக்கிறன். வாறன்."

"ஓகே அப்பா," என்றான். கோபமாகத்தான் சொன்னான். கரைக்கு வந்ததும் லான் எண்ணினாள். என்னிடம் வந்தபோது விரலைத் தூக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

ரொறன்ரோவுக்குத் திரும்பியபோது பனி உருகி முற்றத்துப் பலகை சற்றுச் சாய்ந்திருந்தது. பிடுங்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். இரண்டு கையாலும் பிடுங்கி, கராஜுக்குள் வைத்தேன். மூன்றாம் நாள் நானே கொண்டுபோய் நேராக நட்டேன். வீட்டுக்குள் எல்லாம் வாடகைச் சாமான். எலுமிச்சம்பழம் பிளாஸ்டிக். மனோவின் ஹவுஸ்கோட் ஒரு பெட்டிக்குள் மடித்திருந்தது. எடுத்து மறுபடி கதவில் கொழுவினேன். விற்கிற தம்பி அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நான் வீட்டை விட்டு அசையமாட்டேன் என்றதும் இன்னொரு பெருமூச்சு.

முதல் ஞாயிறு வந்தவர்கள் ஒரு சோடி. பெண் மன்னாரில் பிறந்து இங்கே வந்து சில வருடம்தான்; கணவன் இங்கேயே பிறந்தவன். வாசலில் என்னைக் கண்டு திகைத்துப்போனார்கள். நான் முதலில் தேத்தண்ணி ஊற்றினேன். பிறகு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் எப்ப மாற்றினது என்று அவன் கேட்டான், தட்டிக் காட்டினேன். குசினியில் எந்த இழுப்பு லாச்சி இறுகும், எந்த யன்னலால் பின்னேர வெயில் வரும், எல்லாம் சொன்னேன். கடைசி அறையில், "இதிலதான் என்ர மனுசி படுத்திருந்தவ," என்றேன். விற்கிற தம்பி கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பிள்ளை யன்னலடிக்குப் போய், மனோ பார்த்துக்கொண்டிருந்த மேப்பிள் மரத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

போகும்போது காலணியைப் போட்டுக்கொண்டு, படியில் இறங்கித் திரும்பிச் சொன்னாள்: "அப்ப அங்கிள், போட்டு வாறம்."

நான் வாசற்படிக்கு வந்தேன்.

"ஓம்," என்றேன். "வாங்கோ."

அவர்களின் கார் வளைவில் மறைந்த பிறகும் கதவைச் சாத்தாமல் நின்றேன். பிறகு உள்ளே போய்ச் சுதனுக்கு ஃபோன் எடுத்து, வரும்போது சைன் வைக்க ஒரு பேனை கொண்டுவரச் சொன்னேன்.